யாருக்கு எழுதியது என்று தெரியாத நூல்: பிழை மலிந்த புத்தகத்துக்கு வாசகர் கருத்துச் சொல்லும் முறை

கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் வட்டாரங்களில் ஊர் வரலாறு, கோயில் வரலாறு, குல வரலாறு, வேளாண்மை, நினைவுக் குறிப்புகள் எனப் பலவகை நூல்கள் ஆசிரியர்களின் சொந்தச் செலவிலோ சிறு பதிப்பகங்களின் வழியாகவோ தொடர்ந்து வெளிவருகின்றன. வேறெங்கும் கிடைக்காத செய்திகளைக் கொண்டவை அவற்றுள் பல; செம்மையாக்கம் (எடிட்டிங்) என்ற கட்டத்தைக் கண்டவை சிலவே. கையெழுத்துப் பிரதி தட்டச்சுக்குப் போகிறது. அங்கிருந்து நேரே அச்சகத்துக்குப் போகிறது. ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவுக்குள் படிகள் கைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் மெய்ப்புப் பார்ப்பதும், அதாவது அச்சுப் பிழை திருத்துவதும், ஓரிரவில் முடிந்துவிடுகிறது.

அப்படி வந்த நூலைப் படித்தவரிடம் ஆசிரியர் கருத்துக் கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கின்றன. நேரில் கேட்டால் "நல்லா இருக்குதுங்க" என்பார். ஆசிரியர் அந்தப் பக்கம் போனதும் "ஒரே பிழைங்க, படிக்கவே முடியலீங்க" என்று அருகிலிருப்பவரிடம் சொல்வார். முதல் விடை மரியாதைக்குச் சொன்னது, இரண்டாவதுதான் உண்மை என்று எண்ணத் தோன்றும். ஆனால் இரண்டில் எதை வைத்துக்கொண்டும் ஆசிரியர் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது.

அத்தகைய நூலைப் படிக்கும் தனி வாசகரும், ஊர்ப்புற நூலகத்திலோ பள்ளி வகுப்பறையிலோ கூடிப் பேசும் வாசகர் வட்டமும், ஆசிரியருக்குப் பயன்படும் வகையில் கருத்துச் சொல்வதற்கான வழியை இங்கே கூறுகிறேன். நான் வற்புறுத்த விரும்புவது ஒன்றுதான். வாசகர் இடறும் இடங்களில் சில, செம்மையாக்கம் நடக்காததால் வந்தவை. வேறு சில, நூல் யாருக்கு என்பதை ஆசிரியர் முடிவு செய்துகொள்ளாததால் வந்தவை. முன்னவற்றைத் தேர்ந்த மெய்ப்புத் திருத்துநர் ஒருவர் சில வாரங்களில் சரிசெய்துவிடுவார். பின்னவற்றை எத்தனை முறை மெய்ப்புப் பார்த்தாலும் நீக்க முடியாது. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் வாசகர் கருத்தே ஆசிரியருக்கு உதவும்.

விளக்குவதற்கு வசதியாக ஒரு நூலைக் கற்பனை செய்துகொள்வோம். காங்கேயம் மாடுகளையும் அவை மேயும் கொறங்காடுகள் என்னும் வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களையும் பற்றி, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பல்லாண்டுகள் செய்தி திரட்டி எழுதிய, டெம்மி என்ற வழக்கமான நூல் அளவில் 240 பக்கங்கள் கொண்ட நூல் அது. குறிப்பிட்ட எந்த நூலையும் மனத்தில் வைத்து இதைச் சொல்லவில்லை. பல நூல்களில் பரவலாகக் காணப்படும் குறைகளை ஒரே நூலில் கூட்டிவைத்துப் பார்க்கிறோம்.

முதல் வாசிப்பில் திருத்தாதீர்கள்

பென்சிலுடன் படிக்க உட்காருங்கள், பேனா வேண்டாம். எழுத்துப் பிழைகளை வட்டமிடத் தொடங்கினால், பத்தாம் பக்கத்தைத் தாண்டுவதற்குள் வாசகர் என்ற நிலையிலிருந்து மெய்ப்புத் திருத்துநர் என்ற நிலைக்கு நகர்ந்துவிடுவீர்கள். அதன்பின் நூல் உங்களை எங்கே பிடித்து நிறுத்தியது, எங்கே கைவிட்டது என்பதை நீங்களே அறிய முடியாது. ஆகவே பக்க ஓரத்தில் மூன்று குறிகளை மட்டும் இடுங்கள். ஒரு வரியைப் பொருள் புரியாமல் திரும்பப் படிக்க நேர்ந்தால் ஒரு கோடு. "இது தெரிந்ததுதானே" என்று கண் தாவிச் சென்றால் ஒரு சுழி. "இது இன்னதென்று சொல்லவில்லையே" என்று நின்றுவிட்டால் ஒரு கேள்விக்குறி. நூலகத்து நூலானால் பக்க எண்ணையும் குறியையும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளலாம்.

ஒவ்வொரு முறை நூலை மூடிவைக்கும்போதும் நிறுத்திய பக்கத்தையும் தேதியையும் குறித்துவையுங்கள். மறுநாளே தொடர்ந்தீர்களா, பத்து நாள் கழித்து வேண்டாவெறுப்பாக எடுத்தீர்களா என்பது அந்தத் தேதிகளில் இருக்கும். சலிப்பாக இருந்தது என்று பின்னால் நினைவிலிருந்து சொல்வதைவிட, 53ஆம் பக்கத்தில் வைத்த நூலை எடுக்க மனம் வரவில்லை என்று சொல்வது ஆசிரியருக்கு மிகுதியாகப் பயன்படும். 53ஆம் பக்கத்துக்கு முன்னால் என்ன இருந்தது என்று அவர் திருப்பிப் பார்ப்பார்.

பதிப்புப் பக்கத்தையும் முன்னுரையையும் தொடக்கத்திலேயே பார்த்துவிடுவது நல்லது. செம்மையாக்கியவர் என்றோ மெய்ப்புப் பார்த்தவர் என்றோ ஒரு பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இல்லாததால் அந்த வேலை நடக்கவில்லை என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் நடந்திருந்தால் பெரும்பாலும் நன்றியுரையிலாவது ஒரு வரி இருக்கும். அணிந்துரைகளையும் விடாமல் படியுங்கள். நம் கற்பனை நூலுக்குக் கால்நடை மருத்துவர் ஒருவரும் தமிழ்ப் பேராசிரியர் ஒருவரும் அரசியல் பிரமுகர் ஒருவரும் வெளிநாட்டில் வாழும் தொழிலதிபர் ஒருவரும் அணிந்துரை தந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் இதை மாணவர்களுக்குப் பரிந்துரைக்கிறார், இரண்டாமவர் ஆய்வாளர்களுக்கு, மூன்றாமவர் இளைஞர்களுக்கு, நான்காமவர் தம் பேரப்பிள்ளைகளுக்கு. மாடு வளர்ப்பவருக்கு என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே என்ன காத்திருக்கிறது என்பதற்கான முதல் அடையாளம் அது.

யாருக்கு என்பதை நூலிலிருந்தே கண்டறிவது

"அனைவரும் படித்துப் பயன்பெற வேண்டும்" என்று முன்னுரையில் ஆசிரியர் எழுதியிருப்பதை விடையாக ஏற்காதீர்கள். ஆசிரியர் எதை விளக்குகிறார், எதை விளக்காமல் விடுகிறார் என்பதைக் கவனித்தால் அவர் மனத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர் யார் என்பது தெரிந்துவிடும்.

கற்பனை நூலின் 12ஆம் பக்கத்தில், காங்கேயம் என்பது தமிழ்நாட்டு மாட்டினங்களுள் ஒன்று என்றும், உழவுக்கும் வண்டிக்கும் ஏற்றது என்றும் பொறுமையாக விளக்கப்பட்டிருக்கிறது. இதை எழுதும்போது ஆசிரியரின் எதிரே இருந்தவர் மாட்டை அறியாத வெளியூர்க்காரர். மூன்று பக்கம் தள்ளி, மயிலை, செவலை, காரி என்ற நிறப்பெயர்களும் கட்டுத்தறியும் தட்டுப்போரும் ஒரு வள்ளம் பருத்திக்கொட்டையும் எந்த விளக்கமும் இல்லாமல் வருகின்றன. இங்கே எதிரே இருப்பவர் தாராபுரத்துப் பக்கத்துப் பெரியவர். வள்ளம் எவ்வளவு என்று அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. காங்கேயம் ஒரு மாட்டினம் என்றும் அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 40ஆம் பக்கத்துக்குப் போனால் கொறங்காட்டில் விளையும் கொழுக்கட்டைப்புல்லின் தாவரவியல் பெயரும் அதன் சத்துகளைக் காட்டும் அட்டவணைகளும் பக்கம் பக்கமாக வருகின்றன. அவை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவருக்குப் பயன்படலாம். 60ஆம் பக்கத்தில் நடை முற்றிலும் மாறி, 2017 சனவரியில் நடந்த சல்லிக்கட்டுப் போராட்டத்தை நினைவூட்டி, நாட்டு மாடுகளைக் காக்க இளைஞர்கள் எழ வேண்டும் என்று மேடைக் குரலில் முழங்குகிறது. ஒவ்வொரு பக்கத்தையும் தனியே எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. நால்வருக்காக எழுதிய பக்கங்களை ஒரே அட்டைக்குள் தைத்திருப்பதால், நால்வரில் எவரும் தமக்கானது என்று கொள்ள முடியாத நூலாக அது நிற்கிறது.

இந்த நிலையில் நீங்கள் இட்ட சுழிகளும் கேள்விக்குறிகளும் உதவும். சுழிகள் மிகுந்து கேள்விக்குறிகள் குறைந்திருந்தால், நூல் உங்களைவிடக் குறைவாக அறிந்தவருக்கு எழுதப்பட்டது. கேள்விக்குறிகள் மிகுந்திருந்தால், உங்களைவிடக் கூடுதலாக அறிந்தவருக்கு எழுதப்பட்டது. இவ்விரண்டுமே குறைகள் அல்ல. நூல் உங்களுக்கானது அன்று, அவ்வளவுதான். சுழியும் கேள்விக்குறியும் அடுத்தடுத்த பக்கங்களில் மாறி மாறி வந்தால்தான் ஆசிரியர் முடிவு செய்துகொள்ளவில்லை என்று துணிந்து கூறலாம்.

இன்னொரு சோதனை, நூலில் "நாம்" என்ற சொல் வரும் இடங்களைத் தொகுத்துப் பார்ப்பது. "நாம் மாட்டுக்கு லாடம் கட்டும்போது" என்ற வரியில் "நாம்" என்பது மாட்டுக்காரர். "நாம் இத்தகைய கிராமங்களுக்குச் சென்றால் காணலாம்" என்ற வரியில் "நாம்" என்பது நகரத்துப் பயணி. "நாம் நம் முன்னோரின் அறிவை மறந்துவிட்டோம்" என்ற வரியில் அது யாரைக் குறிக்கிறது என்று ஆசிரியருக்கே தெரிந்திருக்காது. ஒரே இயலுக்குள் இந்த மூன்றும் வருமானால் அந்தப் பக்க எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆசிரியரிடம் காட்டுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

செய்திகள் எந்த இடத்தில் நின்றுபோகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். காங்கேயம் கன்று செந்நிறத்தில் பிறந்து, ஏறத்தாழ ஆறு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறும் என்று நூல் சொல்கிறது. மாடு வளர்ப்பவருக்கு இது தெரிந்த செய்தி. புதிதாக மாடு வாங்க வருபவருக்கு இது தொடக்கம் மட்டுமே. வெள்ளகோவில் அருகே கண்ணபுரம் மாட்டுச்சந்தையிலோ, ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாச் சந்தையிலோ ஒரு கன்றின் முன் நிற்கும்போது அவர் வேறு எவற்றைப் பார்க்க வேண்டும் என்று அடுத்த வரி சொல்லியிருந்தால், இது வாங்குபவருக்கான நூல் என்று கொள்ளலாம். அந்த அடுத்த வரி இல்லை. இப்படிப் பாதி வழியில் நிற்கும் செய்திகள் எண்ணிக்கையில் மிகுந்திருந்தால், ஆசிரியர் திரட்டியதையெல்லாம் கொட்டியிருக்கிறார், கொடுக்கவில்லை என்று பொருள்.

கொங்கு நாட்டைப் பற்றிய நூல்களுக்கே உரிய ஒரு பழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பொருள் எதுவாயினும், முதல் இயல் பழங்கால ஊரான கொடுமணலின் அகழாய்வில் தொடங்கி, பூந்துறை நாடு, தென்கரை நாடு, காங்கேய நாடு என்று கொங்கின் பழைய உட்பிரிவுகளான 24 நாடுகளின் பட்டியலைக் கடந்து, நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேர்வதைச் சொன்ன பிறகே தன் பொருளுக்கு வந்து சேரும். மாடுகளைப் பற்றிய நூலில் காங்கேய நாட்டுக்கு இடம் உண்டு; எஞ்சிய 23 நாடுகளுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்பதில்லை. உள்ளூர் வாசகர் தாவிவிடுவார். வெளியூர் வாசகர் அந்தப் பட்டியலிலேயே களைத்துப்போவார். இந்த முதல் இயலைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றியது என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள். நூலின் உயிர் 30ஆம் பக்கத்தில்தான் தொடங்குகிறது என்று ஒரு வாசகர் சொன்னால், பல நூல்கள் அந்த ஒரு குறிப்பினாலேயே மேம்பட்டுவிடும்.

செம்மையாக்கக் குறைகளைப் பிரித்தெடுப்பது

இரண்டாம் வாசிப்பில், நீங்கள் கோடிட்ட இடங்களுக்கு மட்டும் திரும்பிச் செல்லுங்கள். ஏன் திரும்பப் படிக்க நேர்ந்தது என்று ஒவ்வொரு கோட்டுக்கும் காரணம் காண முயலுங்கள்.

எழுத்துப் பிழைகளில் நெடுநேரம் செலவிட வேண்டாம். ஒவ்வொன்றையும் பட்டியலிடுவதைவிட, அவை எந்த வகையைச் சேர்ந்தவை என்று சொல்வது பயன் தரும். குலம் என்று இருக்க வேண்டிய இடமெல்லாம் குளம் என்று இருந்தால் அது தட்டச்சு செய்தவரின் பழக்கம்; கணினியில் தேடித் திருத்திவிடலாம், உண்மையான குளங்கள் மட்டும் தப்பிப் பிழைக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகிக் கிடந்தால் பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றியபோது நேர்ந்தது. காலுக்குப் பதில் ரகரமும் ரகரத்துக்குப் பதில் காலும் வந்தால், பழைய அச்சுப் பிரதியைக் கணினி எழுத்துணரியால் (OCR) படியெடுத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம். காரணம் தெரிந்தால் ஆசிரியர் ஒரே மூச்சில் திருத்துவார். காரணம் தெரியாமல் முந்நூறு பிழைகளின் பட்டியல் கையில் கிடைத்தால் மனம் நொந்து ஓரமாக வைத்துவிடுவார்.

செய்தி முரண்கள் இதைவிட முக்கியமானவை. செம்மையாக்குநர் இல்லாத குறை முழுதாக வெளிப்படுவது அவற்றில்தான். நூலின் 31ஆம் பக்கத்தில் தாராபுரம் ஈரோடு மாவட்டத்தில் இருப்பதாகவும், 118ஆம் பக்கத்தில் திருப்பூர் மாவட்டத்தில் இருப்பதாகவும், இன்னோரிடத்தில் கோவை மாவட்டத்தில் இருப்பதாகவும் கண்டால், ஆசிரியருக்குத் தம் ஊரே தெரியவில்லை என்று நகைக்க வேண்டாம். 1979 வரை அது கோவை மாவட்டம். அந்த ஆண்டு பெரியார் மாவட்டம் பிரிக்கப்பட்டு, பின்னர் அது ஈரோடு மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது தாராபுரமும் காங்கேயமும் அதில் சேர்ந்தன. வெவ்வேறு காலங்களில் எழுதிய கட்டுரைகளைத் தொகுக்கும்போது எவரும் ஒப்புநோக்காததால் மூன்றும் அப்படியே நின்றுவிட்டன. இதை வாசகர் எடுத்துச் சொன்னால், எந்த இயல் எந்த ஆண்டில் எழுதியது என்று ஆசிரியர் அடிக்குறிப்பிடவோ எல்லாவற்றையும் இன்றைய மாவட்டப் பெயருக்கு மாற்றவோ முடியும். காங்கேயம், காங்கயம் என்ற இரு வடிவங்களும் கலந்து வருவதும் இப்படிப்பட்டதே. இரண்டும் வழக்கில் உள்ளவை, எனினும் ஒரு நூலுக்குள் ஒன்றையே கைக்கொள்ள வேண்டும்.

கூறியது கூறலும் தொகுப்பு நூல்களில் மலிந்திருக்கும். காங்கேயம் இனத்தைப் பேணி வளர்த்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் என்னும் நிலக்கிழார் குடும்பத்துக்கு இருந்த பங்கு மூன்றாம் இயலிலும் ஏழாம் இயலிலும் ஏறக்குறைய அதே சொற்களில் வருமானால், இரு இடங்களின் பக்க எண்களையும் தந்து, எது நன்றாக இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள். ஒன்றை நீக்குவது ஆசிரியருக்குக் கடினம், இரண்டும் அவர் எழுதியவை. வாசகர் ஒன்றைத் தேர்ந்து கொடுத்தால் அந்தச் சுமை குறையும்.

பிழை அல்லாதவற்றைப் பிழை என்று சொல்லிவிடக் கூடாது. அப்புச்சி, அம்மிச்சி, ஒறம்பரை (உறவினர்), பொழுதோட போன்ற சொற்கள் கொங்கு வழக்கு. பேச்சை எழுத்தில் தரும் இடங்களில் அவை இருக்கத்தான் வேண்டும். கிரந்த எழுத்தை விலக்குவதும் ஏற்பதும் ஆசிரியரின் கொள்கை. லகர, னகர ஐகாரங்களுக்குத் துதிக்கை போன்ற பழைய வடிவம் மேற்கோள்களில் இருந்தால், அது பழைய நூலிலிருந்து அப்படியே எடுத்ததாக இருக்கலாம். ஈரோட்டுப் பெரியார் தம் குடி அரசு இதழில் 1935இல் கையாளத் தொடங்கிய சீர்திருத்த எழுத்துகளை அரசு ஆணையாக ஏற்றது 1978இல்தான். அதற்கு முந்திய அச்சு நூல்களில் பெரும்பாலானவை பழைய வடிவத்திலேயே இருக்கும். சந்தி விதிகளிலும் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள இடங்கள் உண்டு. ஐயம் வந்தால் நல்ல அகராதி ஒன்றைப் புரட்டிவிட்டுச் சொல்லுங்கள்; ஒரு தவறான திருத்தத்தைச் சொல்லிவிட்டால், நீங்கள் சொன்ன சரியான திருத்தங்களையும் ஆசிரியர் ஐயத்தோடு பார்ப்பார்.

வாசகர்கள் ஒன்றுபடும் இடமும் முரண்படும் இடமும்

தனி வாசகர் சொல்வதைவிட வாசகர் வட்டம் சொல்வது ஆசிரியருக்குக் கூடுதலாக உதவும். ஆனால் எல்லாரும் ஒரே வகையினராக இருந்தால் பயனில்லை. தமிழாசிரியர்கள் மட்டும் கூடினால் ஒற்றுப் பிழையைத் தாண்டிப் பேச்சு நகராது என்பது நான் பல கூட்டங்களில் கண்டது. இந்த நூலுக்கு மாடு வளர்க்கும் ஒருவர், அந்தத் துறையில் படித்த ஒருவர், இரண்டையும் அறியாமல் ஆர்வத்தால் படிக்கும் ஒருவர் என்று குறைந்தது மூன்று வகையினராவது வேண்டும். வாசிப்புப் பழக்கம் இல்லாத மாட்டுக்காரர் முழு நூலையும் படிக்க வேண்டும் என்பதில்லை. அவருக்குப் பயன்படும் என்று தோன்றும் ஓர் இயலைப் படித்துக் காட்டி, அவர் எங்கே குறுக்கிட்டுப் பேசுகிறார் என்று குறித்துக்கொண்டால் போதும்.

கூட்டத்தில் யாரும் பேசத் தொடங்கும் முன்பே ஒவ்வொருவரும் தம் குறிகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். முதலில் பேசுபவர் பெரியவராகவோ தலைமையாசிரியராகவோ இருந்துவிட்டால், மற்றவர்கள் "ஆமாங்க, எனக்கும் அப்படித்தானுங்க" என்று ஒத்துப் பாடிவிடுவார்கள். பிறகு எல்லாத் தாள்களையும் பக்க வரிசையில் அடுக்கி ஒப்பிடுங்கள்.

எல்லாரும் ஒரே பக்கத்தில் இடறியிருந்தால் அது செம்மையாக்கக் குறை. சொற்றொடர் சிக்கலாகவோ செய்தி முரணாகவோ வரிசை தவறியோ இருக்கும். யார் படித்தாலும் அந்த இடத்தில் நிற்பார். ஒருவர் விரும்பிய பக்கத்தையே இன்னொருவர் தாவியிருந்தால், அது யாருக்கு என்ற முடிவு எடுக்கப்படாத குறை. கொழுக்கட்டைப்புல் அட்டவணையை மாணவர் படியெடுத்து வைத்துக்கொண்டிருப்பார். மாட்டுக்காரர் அதைத் தொடவே மாட்டார். முள்கிளுவையால் உயிர்வேலி கட்டும் முறையை மாட்டுக்காரர் ஆர்வத்தோடு பேசுவார், தம் தோட்டத்து அனுபவத்தால் ஒரு திருத்தமும் சொல்வார். நகரத்து வாசகர் அதற்குள் உறங்கிவிட்டிருப்பார். இந்த முரண்பாட்டைப் பேசித் தீர்த்து ஒரு பொதுக் கருத்துக்கு வர முயலக் கூடாது. பெரும்பான்மை எது என்று கைதூக்கச் சொல்வதும் கூடாது. இந்தப் பக்கத்தை இன்னார் விரும்பினார், இன்னார் விட்டுவிட்டார் என்று அப்படியே எழுதி ஆசிரியரிடம் கொடுப்பதுதான் முறை. எந்த வாசகரை வைத்துக்கொள்வது, எவரை விடுவது என்பது ஆசிரியர் எடுக்க வேண்டிய முடிவு.

சொல்லும் இடமும் சொல்லும் விதமும்

வெளியீட்டு விழா மேடையில் குறை சொல்ல வேண்டாம். பொன்னாடை தோளில் இருக்கும்போது எவரும் பிழைத்திருத்தம் கேட்கும் மனநிலையில் இருப்பதில்லை. நம் பக்கம் ஆசிரியர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவராக இருப்பதும் இல்லை. படிப்பித்த வாத்தியாராகவோ பெரியப்பா, மாமா முறையாகவோ, ஒரே ஊர்க்காரராகவோ இருப்பார். நூலையும் கடையில் வாங்கியிருக்க மாட்டீர்கள். கல்யாணத்தில் தாம்பூலப் பையோடு வந்திருக்கும். அதனாலேயே பலரும் வாய் திறப்பதில்லை. அவரிடம் சொல்லாமல் ஒறம்பரையில் நாலு பேரிடம் சொல்லிவைத்தால், சுற்றி அவர் காதுக்குப் போகும்போது நூலைப் பற்றிய கருத்தாக இல்லாமல் அவரைப் பற்றிய கருத்தாக மாறியிருக்கும். கடிதமாக எழுதுவதே நல்லது. எழுத்தில் இருந்தால் அவர் தனியே அமர்ந்து, நூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஆறுதலாகப் பார்ப்பார்.

கடிதத்தின் தொடக்கத்தில் நீங்கள் எப்படிப்பட்ட வாசகர் என்பதைச் சொல்லிவிடுங்கள். நூல் யாருக்கு என்பதே சிக்கலாக இருக்கும்போது, சொல்பவர் யார் என்று தெரியாத கருத்தைக் கொண்டு ஆசிரியர் ஒன்றும் செய்ய முடியாது. மாதிரிக்கு ஒன்று:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் நூலைப் படித்தேன். நான் வெள்ளகோவில் பக்கம் மாடு வைத்துப் பிழைக்கும் விவசாயி. பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். கொறங்காட்டு வேலியைப் பற்றி 88 முதல் 97 வரையுள்ள பக்கங்களை இருமுறை படித்தேன். என் அப்பாரு வாயால் கேட்ட செய்திகளை முதன்முதலாக அச்சில் கண்டேன். 40 முதல் 52 வரையுள்ள அட்டவணைகளை எனக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை. அவற்றைக் கொண்டு என் மாட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பத்தி இருந்தால் உதவியாக இருந்திருக்கும். 31ஆம் பக்கத்திலும் 118ஆம் பக்கத்திலும் தாராபுரத்தின் மாவட்டப் பெயர் மாறி வருகிறது. பழையகோட்டைச் செய்தி மூன்றாம் இயலிலும் ஏழாம் இயலிலும் வருகிறது. ஏழாம் இயலில் உள்ளது விரிவாகவும் தெளிவாகவும் இருக்கிறது. இந்த நூல் எங்களைப் போன்றவர்களுக்கா, படித்தவர்களுக்கா என்று எனக்கு விளங்கவில்லை. எங்களுக்குத்தான் என்றால் முதல் 28 பக்கங்கள் வேண்டியதில்லை என்பது என் எண்ணம். தவறாக எண்ண வேண்டாம்."

இதில் பாராட்டு உண்டு. ஆனால் மரியாதைக்காகத் தெளித்த பாராட்டு அன்று. எந்தப் பக்கம் வேறெங்கும் கிடைக்காததோ அந்தப் பக்கத்தைக் காட்டுகிறது. நூலைச் சுருக்கிச் செம்மை செய்ய ஆசிரியர் துணியும்போது, எதில் கை வைக்கக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். விலை கொடுத்து வாங்கிய நூலுக்கு இதழில் மதிப்புரை எழுதுபவர் இவ்வளவு மென்மையாக எழுத வேண்டியதில்லை. ஆனால் அவரும் பிழைகளின் எண்ணிக்கையைச் சொல்வதோடு நின்றுவிடாமல், யார் இந்த நூலை வாங்கலாம், யார் வாங்க வேண்டியதில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். மதிப்புரையைப் படிப்பவர் தேடுவது அதைத்தான்.

கருத்தைப் பெறும் ஆசிரியருக்கும் ஓரிரு சொற்கள். வந்த கடிதங்களை யார் எழுதியது என்ற அடிப்படையில் பிரித்து வையுங்கள். மாட்டுக்காரர்களின் கடிதங்கள் ஓர் உறையில், படித்தவர்களின் கடிதங்கள் இன்னோர் உறையில். எந்த உறை கனமாக இருக்கிறது என்று பார்ப்பதைவிட, எந்த உறையில் உள்ளவர்களுக்காக எழுத உங்களுக்கு விருப்பம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பழைய தமிழ் நூல்களின் முன்னாலோ பின்னாலோ "பிழையும் திருத்தமும்" என்று ஒரு பக்கம் இருக்கும்; விற்காமல் எஞ்சியுள்ள படிகளில் அப்படி ஒரு தாளை அச்சிட்டு ஒட்டிவிட்டால், செய்தி முரண்களாவது உடனே தீரும். அடுத்த பதிப்புக்குச் செலவாகுமே என்று தயங்குபவர்கள் கணக்கையும் பார்க்கலாம்: டெம்மி நூலில் ஒரு ஃபாரம் (ஒருசேர அச்சிடும் பக்கங்களின் தொகுதி) என்பது பொதுவாக 16 பக்கம், 240 பக்கங்களுக்கு 15 ஃபாரம், யாருக்கும் வேண்டாத முதல் இயலையும் இருமுறை வரும் செய்திகளையும் நீக்கினால் இரண்டு மூன்று ஃபாரம் தாளும் அச்சுக் கூலியும் மிச்சமாகும், அதில் ஒரு பகுதியைச் செம்மையாக்குநருக்குக் கொடுக்கலாம்.

புதிய பதிப்பு வந்தால், வாசகர் முதலில் பதிப்புப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். "மறு அச்சு" என்று இருந்தால் பழைய பிழைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். "திருத்திய பதிப்பு" என்று இருந்தால் பக்க எண்கள் மாறியிருக்கும். உங்கள் பழைய குறிப்புகளைக் கொண்டு ஒப்பிட முடியாது. ஆகவே முதல் கடிதம் எழுதும்போதே பக்க எண்ணோடு இயலின் தலைப்பையும் பத்தியின் முதல் சொற்களையும் சேர்த்துக் குறித்து, ஒரு நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.